தாவர எண்ணெய் எஸ்டரும் மாற்றிய களிமண்ணும் சேர்ந்த துளைச்சேறு: 150 டிகிரியில் பசையாகிவிடுகிறது, காரணம் எது?

#1 வெண்களி

வணக்கம். துளையிடு திரவங்களில் ஆராய்ச்சி செய்கிறேன். டீசலுக்குப் பதிலாகத் தாவர எண்ணெயை வைத்து இன்வர்ட் எமல்ஷன் மட் (எண்ணெய்க்குள் தண்ணீர்த் துளிகள் நிற்கும் துளைச்சேறு) செய்வதுதான் என் வேலை. அதற்கான ஆர்கனோகிளேயையும் (எண்ணெயில் விரியும்படி மாற்றிய களிமண்) நானே தயாரிக்கிறேன். எட்டு மாதமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது.

350 மில்லிக்கான கலவை இது. அடிப்படை எண்ணெய், காட்டாமணக்கு எண்ணெயின் மெத்தில் எஸ்டர். உள்ளே இருப்பது 25 சதவீத கால்சியம் குளோரைடு உப்புநீர். எண்ணெய்க்கும் நீருக்கும் 75:25. டால் ஆயில் கொழுப்பமில எமல்சிஃபையர் 8 கிராம், நனைப்பி 3 கிராம், சுண்ணாம்பு 6 கிராம், ஆர்கனோகிளே 8 கிராம், அடர்த்தி 1.3 வரும்வரை பாரைட் (எடை கூட்டும் கனிமத்தூள்). களிமண் சோடியம் மான்ட்மோரிலோனைட், அதில் சிடிஏபி (செட்டில் ட்ரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு என்ற சர்ஃபாக்டன்ட்) ஏற்றியிருக்கிறேன்.

கலந்தவுடன் பார்த்தால் அருமையாக இருக்கிறது. விஸ்காமீட்டரில் 600 சுற்றில் 68, 300 சுற்றில் 42. அதாவது பிளாஸ்டிக் விஸ்காசிட்டி 26, யீல்டு பாயின்ட் 16. ஆனால் ரோலர் ஓவனில் 150 டிகிரியில் 16 மணி நேரம் உருட்டி எடுத்தால் செல்லுக்குள் திரவமே இல்லை. ஸ்பேட்டுலாவைக் குத்தினால் சாயாமல் நிற்கிறது. மூடியைத் திறந்ததும் பழைய சோப்பு வாடை. விஸ்காமீட்டரில் முள் 300-ஐத் தொட்டு நின்றுவிட்டது, அதற்கு மேல் அளவுகோலே இல்லை.

மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் இதே. களிமண் சூட்டில் கெடுகிறதா, எமல்சிஃபையர் போதவில்லையா? எமல்சிஃபையரைக் கூட்டினேன், பலனில்லை. எங்கே பார்க்க வேண்டும்?

#2 புதுத்துளை

இடையில் ஓர் அடிப்படைக் கேள்வி, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வேறு துறை. துளை போட மண்ணும் தண்ணீரும் போதாதா? எண்ணெய் எதற்கு? எண்ணெய்தான் வேண்டும் என்றால், செக்கிலிருந்து வருவதை அப்படியே ஊற்றினால் என்ன? எஸ்டராக மாற்றுவானேன்?

#3 ரிக்நாட்கள்

இருபது வருடத்துக்கு மேல் மட் இன்ஜினியராக இருந்தவன். முதலில் புதுத்துளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

துளைச்சேறு ஒரே நேரத்தில் பல வேலை செய்கிறது. பிட் (துளையிடும் முனை) நொறுக்கும் பாறைத்தூளை மேலே தூக்கி வர வேண்டும். பம்ப் நின்றால் அந்தத் தூள் கீழே விழாமல் பிடித்து வைத்திருக்க வேண்டும். பாறைக்குள் இருக்கும் எரிவாயுவும் நீரும் துளைக்குள் பாயாதபடி தன் எடையால் அழுத்த வேண்டும். சுவரில் மெல்லிய படலம் கட்டி அடைக்க வேண்டும். பிட்டைக் குளிரவைக்கவும், குழாய் சுவரில் உரசும்போது வழுக்கிக் கொடுக்கவும் வேண்டும். இவ்வளவையும் தண்ணீரும் பென்டோனைட்டும் கொண்டே பெரும்பாலான கிணறுகளில் செய்துவிடலாம். சிக்கல் ஷேல் பாறையில் வருகிறது. அதுவும் களிமண்தான், தண்ணீர் பட்டால் ஊதும், உதிரும், குழாயைக் கவ்வும். பல கிலோமீட்டர் கிடைமட்டமாகப் போகும் துளைகளில் உரசலே பெரும் பாரம். அங்கேதான் எண்ணெய் வேண்டியிருக்கிறது. பாறைக்குத் தெரிவது எண்ணெய் மட்டும், தண்ணீர் அதற்குள் சிறு துளிகளாக அடைபட்டிருக்கும்.

இனி வெண்களி. உங்கள் பதிவில் என் கண் போய் நின்ற இடம் “பழைய சோப்பு வாடை”. களிமண் கெட்டால் மட் இளகும், பாரைட் அடியில் உட்காரும். உங்களுக்கு நடந்தது அதற்கு நேர்மாறு. இதே வாடையை ரிக்கில் (துளையிடும் மேடையில்) முகர்ந்திருக்கிறேன்.

எஸ்டர் மட் ஓடிக்கொண்டிருந்த கிணறு அது. கேசிங் (துளைச்சுவரைத் தாங்கும் குழாய்) போட்டு சிமென்ட் அடித்தார்கள். சிமென்ட் முழுதாக இறுகுமுன்பே அவசரமாக உள்ளே இறங்கித் துளைத்தார்கள். இறுகாத சிமென்ட் என்றால் சுண்ணாம்பு மூட்டையைக் கிழித்து மட்டில் கொட்டியதற்குச் சமம். முதலில் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த நாள் ஷேக்கர் சல்லடையில் மட் இறங்கவில்லை, வழவழவென்று வெளிர்மஞ்சள் பசை கண்களை அடைத்துக்கொண்டது. விரலால் எடுத்தால் கிரீஸ்தான். சல்லடையை மாற்றி மாற்றிப் போட்டோம், புது எஸ்டர் ஊற்றி இளக்கினோம், மறுநாள் மறுபடியும் கெட்டியானது. டீசல் மட்டாக இருந்தால் அந்த சிமென்ட்டை ஒரு பொருட்டாகவே எண்ணியிருக்க மாட்டோம்.

உங்கள் கலவையில் 6 கிராம் சுண்ணாம்பு இருக்கிறது. டீசல் மட்டுக்கான பழைய கலவைக் குறிப்பை அப்படியே எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு சந்தேகம் அந்தச் சுண்ணாம்பின் மேல்தான்.

#4 கரிமவேதி

சார் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கணக்கு போட்டுக் காட்டுகிறேன், அப்போதுதான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

எஸ்டர் என்றால் கொழுப்பமிலமும் ஆல்கஹாலும் கை கோத்து நிற்பது. காரம், தண்ணீர், சூடு மூன்றும் சேர்ந்தால் அந்தக் கை விடும். பிரிந்த கொழுப்பமிலம் சுண்ணாம்பிலிருக்கும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதுதான் கால்சியம் சோப்பு. எண்ணெயில் கால்சியம் சோப்பைக் கரைத்துக் கெட்டியாக்குவது கிரீஸ் செய்யும் பழைய முறைகளில் ஒன்று. ரோலர் ஓவனில் உங்களுக்குக் கிடைத்தது உண்மையாகவே கிரீஸ்.

உங்கள் 8 கிராம் டால் ஆயில் கொழுப்பமிலம் முழுதும் கால்சியம் உப்பாக மாற 1 கிராமுக்குச் சற்று மேல் சுண்ணாம்பு போதும். மீதி 5 கிராம் சும்மா இருக்கிறது. அதில் 0.135 மோல் ஹைட்ராக்சைடு. மெத்தில் ஓலியேட்டின் மூலக்கூறு எடை 296. ஆக, அந்த 5 கிராம் சுண்ணாம்பு 40 கிராம் எஸ்டரைச் சோப்பாக்கிவிட முடியும். உங்கள் செல்லில் இருக்கும் எஸ்டரே ஏறத்தாழ 200 கிராம்தான். ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

எமல்சிஃபையரைக் கூட்டியும் பலனில்லாமல் போனதற்கும் இதுவே காரணம். நீங்கள் சேர்த்தது இன்னும் கொஞ்சம் கொழுப்பமிலம், அதாவது இன்னும் கொஞ்சம் சோப்பு.

அப்புறம் மெத்தில் எஸ்டர். இது எளிதில் அறுபடும் வகை. மெத்தில் மிகச் சிறியது, ஹைட்ராக்சைடு வந்து மோதுவதை மறைக்க அங்கே எதுவும் இல்லை. 1990-இல் நார்வே கடலில் முதன்முதலாக எஸ்டர் மட் இறக்கப்பட்ட காலத்திலிருந்தே 2-எத்தில்ஹெக்சனால் எஸ்டர்தான் இந்தத் தொழிலில் முக்கியமானது. அந்த ஆல்கஹாலில் ஒரு கிளை இருக்கிறது. அது பிணைப்புக்குக் குடை பிடிக்கிறது. குளிரில் உறையாமல் இருக்கவும் அதே கிளை உதவுகிறது. அப்படியிருந்தும் 150 டிகிரி என்பது எஸ்டருக்கு எல்லையை ஒட்டிய சூடு.

#5 வெண்களி

கணக்கைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டேன். 6 கிராம் என்பது பழைய டீசல் கலவைக் குறிப்பிலிருந்து வந்ததுதான். அதை யோசிக்காமலேயே எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருக்கும் நன்றி.

புதுத்துளைக்கு: செக்கு எண்ணெயை அப்படியே ஊற்ற முடியாததற்கு முதல் காரணம் அதன் பிசுபிசுப்பு. 40 டிகிரியில் டீசல் 2 முதல் 4 சென்டிஸ்டோக்தான். சோயா, பாம், கடுகு வகை எண்ணெய்கள் 30 முதல் 40 வரை. ஆமணக்கு 250-ஐ நெருங்கும். மட் என்றால் அதன்மேல் உப்புநீர்த் துளி, பாரைட், பாறைத்தூள் எல்லாம் சேர வேண்டும். தொடக்கமே 35 என்றால் பம்ப் தள்ளாது. தள்ளினாலும் அந்த அழுத்தத்தில் பாறை பிளந்து மட் ஓடிவிடும். ஒரு எண்ணெய் மூலக்கூறு என்பது ஒரு கிளிசரால் முதுகில் மூன்று கொழுப்பமிலங்கள். மெத்தனாலும் கொஞ்சம் காரமும் சேர்த்து 60 டிகிரியில் கலக்கினால் மூன்றும் தனித்தனி மெத்தில் எஸ்டராகப் பிரியும், கிளிசரால் அடியில் தங்கும். பிசுபிசுப்பு 4, 5-க்கு இறங்கிவிடும்.

காட்டாமணக்கில் ஒரு தொல்லை. எண்ணெயில் ஏற்கெனவே கட்டற்ற கொழுப்பமிலம் நிறைய. காரம் போட்டவுடன் சோப்பு நுரைத்து, எஸ்டரும் கிளிசராலும் பிரியாமல் குழம்பிப்போகும். முதலில் கந்தக அமிலம் கொண்டு அமிலத்தை எஸ்டராக்கி, அதன் பிறகே காரம் சேர்க்கிறேன். இரண்டு நாள் வேலை. பிரிபுனலில் அந்தப் பழுப்புக் கிளிசரால் மெல்ல இறங்கி, மேலே தெளிந்த பொன்னிறம் நிற்பதைப் பார்க்கும்போது களைப்பே போய்விடும்.

#6 நேர்கோடு

எனக்கு ஒரு மாறுபட்ட கருத்து. சுண்ணாம்பைக் கண்டால் பயம், சிமென்ட்டைக் கண்டால் பயம், 150 டிகிரிக்கு மேல் கூடாது. இத்தனை கட்டுப்பாடுள்ள ஒரு திரவத்துக்கு ஏன் இவ்வளவு உழைப்பு? 1980-களிலேயே அரோமாட்டிக் குறைந்த மினரல் ஆயில் வந்துவிட்டது. பிறகு ஒலிஃபின் என்ற செயற்கை ஹைட்ரோகார்பன் வந்தது. அவற்றில் அறுபட எஸ்டர் பிணைப்பே இல்லை. கிணற்றின் பாதுகாப்பைப் பணயம் வைத்துச் சுற்றுச்சூழல் பெயர் வாங்குவது சரியா?

#7 ரிக்நாட்கள்

நியாயமான கேள்வி. எல்லாக் கிணற்றுக்கும் எஸ்டர் என்று நான் சொல்ல மாட்டேன். ஹைட்ரஜன் சல்ஃபைடு வரக்கூடிய இடத்தில் மட்டில் கணிசமான சுண்ணாம்பு இருப்பு இருந்தே ஆக வேண்டும், அது ஆட்களின் உயிர் விஷயம். அங்கே எஸ்டரோடு விளையாடக் கூடாது. ஆனால் சூடு குறைந்த, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு இல்லாத, ஷேல் தொல்லை மட்டும் உள்ள கிணறுகள் ஏராளம். அவற்றுக்கு ஏற்ற மட் ஒன்று நம் கையில் இருப்பதில் என்ன தவறு?

டீசலைப் பீப்பாய்க்கணக்கில் கையாண்டவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஷேக்கர் அறையில் சூடான மட்டிலிருந்து ஆவி எழும். டீசல் என்றால் பன்னிரண்டு மணி நேரம் அதைச் சுவாசிக்க வேண்டும், கையெல்லாம் வெடிக்கும். டீசலின் தீப்பற்று வெப்பநிலை 60 டிகிரியை ஒட்டியது, மெத்தில் எஸ்டருக்கு 100-க்கு மேல். எஸ்டர் ஓடிய கிணற்றில் ஷேக்கர் பையன்களுக்கு வந்த நிம்மதியை நேரில் பார்த்தவன் நான். சுற்றுச்சூழல் என்றால் மீன் மட்டுமா, ரிக்கில் நிற்கும் மனிதனும்தானே.

#8 கடலடிமண்

கடலடி வண்டல் நச்சுத்தன்மைச் சோதனைதான் என் வேலை. நேர்கோடு கேட்டதற்கு என் பக்கத்திலிருந்து ஒரு பதில், வெண்களிக்கு ஒரு எச்சரிக்கை.

கடலில் மட்டை யாரும் மொத்தமாகக் கொட்டுவதில்லை. அது விலையுயர்ந்த பொருள், திரும்பத் திரும்பப் பயன்படும். கடலுக்குப் போவது பாறைத்தூளும் அதில் ஒட்டிய எண்ணெயும். வடகிழக்கு அட்லாண்டிக்குக்கான ஓஸ்பார் அமைப்பு 2000-இல் எடுத்த முடிவின்படி, உலர்ந்த தூளின் எடையில் 1 சதவீதத்துக்கு மேல் எண்ணெய் ஒட்டியிருந்தால் கொட்டக் கூடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2001-இல் வேறு வழியில் போனது. செயற்கை அடிப்படை மட் ஒட்டிய தூளைக் கொட்டலாம், ஆனால் ஈரத்தூள் எடையில் ஒலிஃபினுக்கு 6.9 சதவீதம், எஸ்டருக்கு 9.4 சதவீதம் என்று வரம்பு. எஸ்டருக்கு மட்டும் ஏன் அதிகச் சலுகை? காற்றில்லாத வண்டலில் 275 நாள் வைத்துப் பார்க்கும் சிதைவுச் சோதனையில் அது அவ்வளவு நன்றாகச் சிதைந்தது. இதைவிட நல்ல ஊக்கம் வேறு வேண்டுமா?

ஆனால் விரைவாகச் சிதைவது எப்போதும் நல்லது என்று நினைக்காதீர்கள். நுண்ணுயிர்கள் எஸ்டரைத் தின்னும்போது சுற்றியுள்ள ஆக்சிஜனையும் தீர்த்துவிடும். வண்டலை வெட்டி எடுத்தால் மேல் ஒரு விரல் கனம் பழுப்பாக இருக்க வேண்டிய இடம் கன்னங்கரேலென்று, அழுகிய முட்டை வாடையோடு வரும். புழுக்கள் முதலில் போய்விடும், பிறகு மெல்லத் திரும்பி வரும். டீசல் குவியலில் அந்தத் திரும்பல் பல ஆண்டு தள்ளிப்போகிறது. ஆக எஸ்டருக்கு ஆதரவாகத்தான் நான் நிற்கிறேன், ஆனால் தூள் ஒரே இடத்தில் மலையாகக் குவியாமல் பரவினால் மட்டுமே.

இனி எச்சரிக்கை. வெண்களி, எல்லோரும் உங்கள் எண்ணெயைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்குக் கவலை உங்கள் களிமண். சிடிஏபி என்பது நுண்ணுயிர்களைக் கொல்லும் பொருள், பாசிக்கும் மீனுக்கும் மிகவும் நச்சு. அதைக் களிமண்ணில் ஏற்றிவிட்டால் இறுகப் பிடித்துக்கொள்ளும், நச்சு வெகுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் பிடிக்காத மிச்சம்? அதைக் கழுவினீர்களா?

பழைய படிப்பினை ஒன்று உண்டு. துணி மென்மையாக்கும் திரவங்களில் இரண்டு நீண்ட வால் கொண்ட குவாட்டர்னரி அம்மோனியம் பல ஆண்டுகள் இருந்தது. ஆர்கனோகிளே செய்யப் பயன்படும் டேலோ குவாட் (விலங்குக் கொழுப்பிலிருந்து வந்த வால் கொண்ட குவாட்டர்னரி அம்மோனியம்) அதேதான். சரியாகச் சிதையாமல் சாக்கடைக் கசடிலும் ஆற்று வண்டலிலும் அது சேர்ந்ததால், 1990-களின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் அதைக் கைவிட்டு எஸ்டர்குவாட்டுக்கு மாறினார்கள். துணி துவைப்பவர்கள் விட்டுவிட்ட பொருளை நாம் இன்னும் கிணற்றில் இறக்கிக்கொண்டிருக்கிறோம். மேலே தாவர எண்ணெய் என்று எழுதியிருப்பதால் உள்ளே இருக்கும் களிமண்ணை யாரும் கேட்பதில்லை, அதுதான் என் ஆதங்கம்.

#9 கரிமவேதி

அக்கா சொன்னதற்கு ஒரு எண். நல்ல மான்ட்மோரிலோனைட் 100 கிராமில் 80 முதல் 120 மில்லி ஈக்விவலன்ட் அயனி மாற்றுத் திறன் இருக்கும். 90 என்று வைத்தால், டேலோ குவாட் 50 கிராம் அதில் ஏறும். கிடைக்கும் ஆர்கனோகிளேயில் மூன்றில் ஒரு பங்கு கரிமப் பொருள். “இயற்கைக் களிமண்” என்று எழுதிவிட்டுப் போக முடியாத அளவு.

சிடிஏபியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மிச்சம் கழுவப்படாமல் இருந்தால் அது உங்கள் எமல்ஷனையே கெடுக்கும். ஒற்றை வால், தண்ணீரில் நன்றாகக் கரையும், எண்ணெய்த் துளிகளைத் தண்ணீருக்குள் நிறுத்தும் குணம் கொண்டது. உங்களுக்கு வேண்டியது தண்ணீர்த் துளிகளை எண்ணெய்க்குள் நிறுத்துவது. இரண்டும் எதிரெதிர் திசை. மின் நிலைப்பை (எந்த வோல்டேஜில் எமல்ஷன் உடைகிறது என்பதை) ஒரு தடவை சோதித்துப் பாருங்கள், சுண்ணாம்பைக் குறைத்தும் வோல்டேஜ் ஏறவில்லை என்றால் இதைச் சந்தேகப்படுங்கள்.

#10 வெண்களி

கழுவினேன், ஆனால் இரண்டே தடவை. வடிநீரில் சில்வர் நைட்ரேட் சொட்டுப் போட்டுப் பார்த்தேன், வெளிர்மஞ்சளாகக் கலங்கியது. புரோமைடு இன்னும் இருக்கிறது, அப்படியானால் மிச்ச சிடிஏபியும் இருக்க வாய்ப்புண்டு. அதைவிடப் பெரிய தவறு, அயனி மாற்றுத் திறனை நானே அளக்காமல் மூட்டையில் எழுதியிருந்ததை நம்பிவிட்டேன். மெத்திலீன் ப்ளூ சாயச் சோதனை செய்து அதை அளந்து பார்க்கிறேன்.

சிடிஏபிக்கு மாற்று என்ன இருக்கிறது?

#11 கரிமவேதி

நான் யோசிக்கும் வரிசையில் சொல்கிறேன்.

எஸ்டர்குவாட் முதலில் நினைவுக்கு வரும். டேலோ வால் போலவே, ஆனால் வாலுக்கும் தலைக்கும் நடுவே ஒரு எஸ்டர் பிணைப்பு. வெளியே போனால் அறுந்து சிதையும். கவனித்தீர்களா? அதே பிணைப்பு, அதே சுண்ணாம்பு, அதே சூடு. கிணற்றுக்குள்ளேயே அறுந்துவிட்டால் களிமண் மறுபடி தண்ணீரை விரும்பும் களிமண்ணாகிவிடும். இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். கடலடியில் நுண்ணுயிர் எந்த இடத்தில் கடிக்கிறதோ, கிணற்றில் சுண்ணாம்பும் அதே இடத்தில்தான் கடிக்கிறது. நாம் செய்யக்கூடியது, கிணற்றில் அதைக் கடிக்க முடியாத சூழலை அமைப்பது. சுண்ணாம்பைக் குறை, உப்புநீரைக் குறை, சூட்டை மதி, பிணைப்புக்குக் குடை பிடி.

அடுத்து லெசித்தின். சோயா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது பசையாகப் பிரிவது. அதன் மூலக்கூறில் நேர்மின்னும் எதிர்மின்னும் இரண்டும் உண்டு, களிமண் அடுக்குகளுக்குள் நுழையும். பீட்டைன் வகைகளும் இப்படியே. நுழைகிறதா இல்லையா என்பதை எக்ஸ்ஆர்டி (அடுக்கு இடைவெளியை எக்ஸ் கதிரால் அளக்கும் சோதனை) சொல்லிவிடும். சோடியம் களிமண்ணில் சாதாரண ஈரத்தில் அடுக்கு இடைவெளி 1.2 நானோமீட்டரை ஒட்டியிருக்கும். அது 2-ஐ நெருங்கினால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். ஆனால் குவாட் போல இறுகப் பிடிக்காது, சூட்டில் கொஞ்சம் கசியும்.

மூன்றாவது, அடுக்குக் களிமண்ணையே விடுவது. செபியோலைட், பாலிகோர்ஸ்கைட் இரண்டும் ஊசி ஊசியான இழைகள். பின்னிக்கொண்டே தாங்கும், ஊத வேண்டியதில்லை, அதனால் மேற்பரப்பை மட்டும் லேசாக மாற்றினால் போதும், மிகக் குறைந்த சர்ஃபாக்டன்ட்.

ஆர்கனோகிளே ஒன்றும் புதிய விஷயமில்லை, ஜான் ஜோர்டான் 1949-லேயே கரிமத் திரவங்களில் ஊதும் பென்டோனைட் பற்றி எழுதிவிட்டார். பெயின்ட்டும் கிரீஸும் அதன்மேல் நிற்கின்றன. வாலுக்கு என்ன வைப்பது என்ற கேள்வியில்தான் இன்னும் வேலை பாக்கி.

#12 ரிக்நாட்கள்

களிமண் பேச்சு வந்ததால் ஒன்று. ஆர்கனோகிளே முழுதாக விரிய கலக்கும் வேகமும் சூடும் வேண்டும். ஆய்வக மிக்ஸரில் அரை மணி நேரம் அடித்தாலும் பாதிதான் விரியும். கலவை நிலையத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தொட்டியில் மட் தண்ணீராக இருக்கிறது, களிமண்ணை இன்னும் ரெண்டு மூட்டை போடு என்பார்கள். போடுவோம். அது பிட் முனையின் சிறு துவாரங்கள் வழியாகப் பீய்ச்சிக்கொண்டு ஒரு சுற்று வந்ததும், போட்ட எல்லாக் களிமண்ணும் ஒரே நேரத்தில் விரியும். மேலே வரும்போது இரட்டிப்புக் கெட்டி. பொறுமையில்லாமல் போட்ட மூட்டையை வெளியே எடுக்க வழியில்லை, எண்ணெய் ஊற்றி இளக்கியே தீர வேண்டும்.

எஸ்டர் டீசலைவிட முனைவு கூடியது. டீசலுக்கு விரியும் களிமண் எஸ்டரில் அதே மாதிரி விரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். பென்சைல் வளையம் உள்ள குவாட் முனைவுள்ள எண்ணெய்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

ரப்பரையும் மறந்துவிடாதீர்கள். எஸ்டரில் நைட்ரைல் ரப்பர் ஊதும். சீல் ஒன்றை வெட்டி மட்டில் ஊறவைத்து, முன்னும் பின்னும் எடையும் கனமும் பாருங்கள்.

#13 நேர்கோடு

படித்தேன். #7-ம் #8-ம் என் எண்ணத்தைக் கொஞ்சம் அசைத்துவிட்டன. சுண்ணாம்பைக் குறைத்தால் கார்பன் டை ஆக்சைடு வந்தால் என்ன செய்வீர்கள் என்பது இன்னும் நிற்கிறது.

#14 ரிக்நாட்கள்

நிற்கத்தான் செய்கிறது. கார்பன் டை ஆக்சைடு வந்தால் மட்டில் இருக்கும் சுண்ணாம்பைத் தின்றுவிடும். குறைவாக வைத்திருக்கும் மட்டில் அது சீக்கிரம் தீரும், எமல்சிஃபையர் தளரும். அதனால் நாளுக்கு ஒருமுறை பார்க்கும் கார அளவை மூன்று முறை பார்க்க வேண்டும், சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். அல்லது சுண்ணாம்பே கேட்காத எமல்சிஃபையர். துத்தநாக ஆக்சைடு போட்டு சல்ஃபைடைப் பிடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள், பிடிக்கும், ஆனால் துத்தநாகம் கடலுக்குப் போகும். எந்த வாயு வரும் என்று தெரியாத முதல் கிணற்றில் நான் எஸ்டரை இறக்க மாட்டேன்.

#15 வெண்களி

ஏழு வாரம் கழித்து வருகிறேன். எல்லோரும் சொன்னதை ஒவ்வொன்றாகப் பிரித்துச் செய்தேன், ஒரே நேரத்தில் இரண்டை மாற்றவில்லை.

முதலில் சுண்ணாம்பு மட்டும். 6-லிருந்து 1.5 கிராமுக்கு இறக்கினேன், மற்ற எல்லாம் பழையபடி. 150 டிகிரியில் உருட்டிய செல்லைத் திறந்தபோது ஊற்றினால் ஊற்றியது. கெட்டிதான், ஆனால் திரவம். சோப்பு வாடை லேசாக இருந்தது. முள் 300-க்குள் நின்றது. அதைப் பார்த்ததும் ஆய்வகத்தில் தனியாக நின்று சிரித்துவிட்டேன்.

அடுத்து களிமண். மெத்திலீன் ப்ளூ அளவு மூட்டையில் எழுதியிருந்ததைவிடக் குறைவு. அதாவது நான் இவ்வளவு நாளும் களிமண் பிடிக்கக்கூடியதைவிட அதிகமாக சிடிஏபி கொட்டியிருக்கிறேன். அளந்ததற்குச் சரியாகப் போட்டு, சில்வர் நைட்ரேட் கலங்காதவரை கழுவினேன். ஏழு தடவை ஆனது. மின் நிலைப்பு உடனே ஏறியது. கரிமவேதி சொன்னது அச்சு அசலாக நடந்தது.

மூன்றாவது, 2-எத்தில்ஹெக்சைல் எஸ்டர். மெத்தில் எஸ்டரைவிடச் சற்றுப் பிசுபிசுப்பு, ஆனால் 120 டிகிரியில் 16 மணி நேரம் கழித்தும் முன்பிருந்ததற்கும் பின்புக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. 150-இல் இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. வடிகட்டிச் சோதனையில் வந்த திரவத்தில் தண்ணீர் இல்லை, எண்ணெய் மட்டுமே. சூடான செல்லில் 500 பிஎஸ்ஐ அழுத்தத்தில் அரை மணி நேரம். படலத்தை விரலால் தொட்டால் மெல்லியதாக, தோல் மாதிரி. இந்தப் படலத்துக்காகத்தான் எட்டு மாதம் காத்திருந்தேன்.

லெசித்தின் களிமண்ணும் செய்தேன். எக்ஸ்ஆர்டியில் இடைவெளி விரிந்திருக்கிறது. கெட்டித்தன்மை சிடிஏபி களிமண் அளவு வரவில்லை, 120-இல் பாரைட் கொஞ்சம் அடியில் உட்கார்ந்தது. விடப்போவதில்லை. செபியோலைட்டோடு சேர்த்துப் பார்க்கிறேன்.

அடுத்த வாரம் 28 நாள் சிதைவுச் சோதனை தொடங்குகிறேன். கடலடிமண் அக்கா, முழு மட்டையும் போடுவதா, எஸ்டரை மட்டும் போடுவதா?

#16 கடலடிமண்

இதைப் படித்து எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா.

எஸ்டரை மட்டும் போட்டால் 28 நாளில் 60 சதவீதத்தை எளிதாகத் தாண்டும், அது உங்கள் மட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. பாட்டில்களைப் பிரித்து வையுங்கள். ஒன்றில் எதுவும் சேர்க்காத நுண்ணுயிர்க் கரைசல். ஒன்றில் சோடியம் பென்சோயேட் மட்டும், நுண்ணுயிர் உயிரோடிருக்கிறதா என்று தெரிய. ஒன்றில் எஸ்டர் மட்டும். ஒன்றில் எஸ்டரும் சிடிஏபி களிமண்ணும். ஒன்றில் எஸ்டரும் லெசித்தின் களிமண்ணும். கடைசியாக சிடிஏபி களிமண்ணும் பென்சோயேட்டும் சேர்ந்த ஒன்று, இதை விட்டுவிடாதீர்கள். பதினான்காம் நாளில் அந்தப் பாட்டில் 25 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்றால் உங்கள் களிமண் நுண்ணுயிர்களை முடக்குகிறது என்று பொருள். ஒவ்வொன்றிலும் இரண்டு பாட்டில். ஏழாவது தடவை கழுவிய நீரையும் கீழே ஊற்றாமல் ஒரு குப்பியில் எடுத்து வையுங்கள், அதையும் சோதிக்க வேண்டும்.